விரலில் ஒட்டிய தெர்மாமீட்டர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில் ஆரம்பித்த விஷயம் இது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, முந்தானையில் குஞ்சம் கட்டுவது, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கல்யாணச் சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சேலையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். சாமி கும்பிட்டுத் திரும்பும்போது சேலை தயாராக இருக்க வேண்டும். பதினைந்து வருடம் இப்படியே ஓடியதில் எனக்கு எதிலும் அவசரம்தான். காபியைக்கூட ஆறவிட்டுக் குடித்ததில்லை. வாயும் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை எல்லாம் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்கு ஒரே மகள். அப்போது ஏழாம் வகுப்பு படித்தாள். வீடு முசரவாக்கத்தில். அவள் அப்பா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார், விடியும்போதே கிளம்பிவிடுவார். நானும் மகளும் காலை பஸ்ஸில் டவுனுக்கு வருவோம். அவள் கடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் மறுபடி கடைக்கு வந்துவிடுவாள்.

அந்த வருடம் ஆடியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான், மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது. முழங்காலிலும் கணுக்காலிலும் வலி மட்டும் போகவில்லை. ரத்தம் எடுத்தோம், எக்ஸ்ரே எடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நார்மல். ஒவ்வொரு ரிப்போர்ட் நார்மல் என்று வரும்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம் ஏறியது. நார்மல் என்றால் வலி இல்லை என்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நாடகம் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, பஸ் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் ஜனங்கள் தள்ளுகிறார்கள், கண்டக்டர் சத்தம் போடுகிறார். முடியவில்லை என்றாள். கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கியதும், ஆணியில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து அவள் காலிலேயே ஒன்று போட்டேன்.

"இதாண்டி வலி. இப்ப சொல்லு, வலிக்குதுன்னு."

எழுதும்போதே கை கூசுகிறது. அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தபடி பள்ளிக்கூடம் போனாள். அந்த நடையும் நடிப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பக்கத்துக் கடை பாய் இதைப் பார்த்துவிட்டார். லைனிங் துணி, நூல், ஜிப் விற்கிற கடை அவருடையது. அதிகம் பேச மாட்டார். அன்று மதியம் வந்து, தன் அக்கா மகனுக்கும் ஒரு வருடம் தலைவலி இருந்ததென்றும், அவனையும் எல்லோரும் நடிக்கிறான் என்றுதான் சொன்னார்களென்றும் சொன்னார். சென்னை போகிற வழியில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிள்ளைகளின் வலிக்கென்றே தனியாகப் பார்க்கிறார்களாம். நூல் டப்பாவின் அட்டையைக் கிழித்து, அதில் பெயரை எழுதிக் கொடுத்தார். வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கி வைத்தேன். மழை பிடித்து, கடையில் வேலை குறைந்த பிறகு, கார்த்திகையில் ஒரு நாள் கணவர் லீவு போட்டார். மூன்று பேரும் போனோம்.

அதுவரை நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு அறையில் இருப்பார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக்கூடப் பார்க்க மாட்டார். இங்கே டாக்டரம்மா, பிசியோதெரபி பார்க்கும் ஒரு தம்பி, கவுன்சிலர் மேடம், மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்களையும் அதே மேசையில் உட்கார வைத்தார்கள். கேள்விகளை மகளிடம்தான் கேட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் நடுவில் புகுந்து பதில் சொல்ல, அவளே சொல்லட்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை என்னை நிறுத்தினார்.

காலிங்பெல் சுவிட்சு உள்ளே அமுங்கி மாட்டிக்கொண்டால், அழுத்தினவர் போன பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அதுபோல என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் உடம்பு இன்னும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. மணிச் சத்தம் பொய்யில்லை. பிறகு மகளைப் பார்த்து, "உன் வலி நிஜம்தான்மா" என்றார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நடையையும் படி ஏறுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது பிசியோ தம்பியின் வேலை. தூக்கம், சாப்பாடு, மருந்து டாக்டரம்மாவின் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள்: காலை ப்ரேயரில் அவள் உட்கார்ந்துகொள்ளலாம், மாடி ஏற நேரம் கொடுக்க வேண்டும், வலி வந்தால் ஐந்து நிமிடம் தனியாக உட்கார விட வேண்டும் என்று.

கவுன்சிலர் மேடத்தின் பங்குதான் பயோஃபீட்பேக். மகளின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, தோளில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எதிரே கம்ப்யூட்டரில் ஒரு மீன் தொட்டி. வலியோ பயமோ வந்தால் உடம்பு இறுகும், கை ஜில்லிட்டுப் போகும். மூச்சை மெதுவாக விட்டு உடம்பைத் தளர்த்தினால் ரத்தம் விரல் நுனிவரை வந்து விரல் சூடாகும். அந்தச் சூட்டுக்கு ஏற்றாற்போல் திரையில் மீன் மேலே வரும். தன் உடம்பு என்ன செய்கிறது என்று பிள்ளை கண்ணால் பார்த்துப் பழகுவதற்காக இது. முதல் நாளே மீன் பாதித் தொட்டிவரை வந்துவிட்டது. என் மகள் பல மாதம் கழித்துச் சிரித்தாள்.

வீட்டில் பழக ஒரு சின்னத் தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். பேட்டரி போட்டது, ஒயர் நுனியை விரலில் டேப்பால் ஒட்டிக்கொண்டால் நம்பர் தெரியும். காலையும் மாலையும் பத்து நிமிடம். விரலைச் சூடாக்குவதல்ல நோக்கம், உடம்பு தளர்ந்ததற்கு அது ஓர் அடையாளம் அவ்வளவுதான், வலி குறைய இன்னும் நாளாகும் என்று பொறுமையாகச் சொன்னார் மேடம். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்பர் எவ்ளோன்னு நீங்க கேக்காதீங்கம்மா. அது அவளுக்கு மட்டும்."

சரி சரி என்று தலையாட்டினேன். பஸ் ஏறுவதற்குள் மறந்தும் போனேன்.

வேறென்ன சொல்ல? அளவெடுத்துப் பிழைக்கிறவள் நான். நாலு மாதமாக மகளின் வலியை எதிலும் அளக்க முடியாமல் தவித்தவளிடம் ஒரு நம்பரைக் கொடுத்தால் சும்மா விடுவேனா? மறுநாளே ஆரம்பித்தேன். எவ்வளவு? இருபத்தெட்டா? நேற்றும் இருபத்தெட்டுதானே? ஒழுங்காக மூச்சு விடு. துணி மார்க் செய்கிற சாக்பீஸால் கடைச் சுவரில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். நான் தையல் மிஷினிலிருந்தே எட்டி எட்டிப் பார்ப்பேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து நம்பர் ஏறியது. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைய நம்பரைத்தான் முதலில் சொல்வேன். சேலை வாங்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். "வலிக்குதும்மா" என்று அவள் சொல்வதும் நின்றுபோனது. வீட்டில் செய்வதைவிடக் கடையில் செய்தால்தான் நன்றாக வருகிறது என்று அவளாகவே சொன்னாள். நான் இஸ்திரி போட்டு அடுக்கும் சேலைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு கையை அந்த அடுக்கின்மேல் வைத்திருப்பாள். பட்டு என்றால் பொம்பளைப் பிள்ளைக்கு ஆசை இருக்காதா? கல்யாணக் களை வந்துவிட்டது என்று கிண்டல்கூடச் செய்தேன்.

பாய் ஒரு நாள் வாசலில் நின்று, "நீ உள்ள போனா பாப்பா கால தேச்சிக்கினே உக்காந்திருக்குது மா" என்றார். அதெல்லாம் சரியாகிவிட்டது பாய், நம்பரே வந்துவிட்டது என்று சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், போய்விட்டார்.

மார்கழி வந்தது. தைக் கல்யாணங்களுக்கான சேலைகள் கடையில் மலையாகக் குவிந்தன. மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, மகளுக்குக் குணமாகிவிட்டது, வேலை முடிந்ததும் வருகிறோம் என்று போனில் சொல்லிவிட்டேன். பிசியோ தம்பி இரண்டு தடவை கூப்பிட்டு, ஒரு முறை நடக்க வைத்துப் பார்த்துவிடலாம், கூட்டிவாருங்கள் என்றான். தை போகட்டும் தம்பி என்றேன். அதோடு விட்டேனா? பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்தக் கடிதம் இனி தேவையில்லை என்று டீச்சரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாப் பிள்ளைகளையும்போல என் பிள்ளையும் நிற்கட்டும், ஏறட்டும் என்றேன். பக்கத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் கடையைத் திறந்தபோது மின்சாரம் இல்லை. வெளியே பனி இன்னும் விலகவில்லை. இஸ்திரிப் பெட்டி சும்மா கிடந்ததால் குஞ்சம் கட்ட உட்கார்ந்தேன். நேரமாகிறது, பயிற்சியை முடித்துவிட்டுக் கிளம்பு என்றேன் மகளிடம்.

"கரண்ட் வரட்டும்மா" என்றாள்.

"பேட்டரிதானடி அது? கரண்ட் எதுக்கு?"

விரலில் டேப்பை ஒட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் போனது. எட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு. நேற்று முப்பத்தைந்து வந்ததே, இன்றைக்கு என்ன கேடு, மனசை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து சேலைக்குள்ள கைய வெச்சிருந்தேன்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த நூல் நழுவிவிட்டது. இஸ்திரி போட்டு அடுக்கிய சேலை கால் மணி நேரம் சூடாகவே இருக்கும். டேப் ஒட்டிய விரலை அந்த மடிப்புக்குள் விட்டுக்கொண்டு, நம்பர் ஏறியதும் வெளியே எடுத்து எனக்குக் காட்டியிருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை மாதம். சுவரில் நான் எழுதிய அத்தனை நம்பரும் என் இஸ்திரிப் பெட்டியின் சூடு.

அடிக்கக் கை ஓங்கவில்லை. அந்த மட்டுக்கும் கடவுள் என்னைக் காப்பாற்றினார். ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"நம்பர் ஏறுனா நீ சிரிச்சிக்கினே வீட்டுக்கு வர."

"அப்ப வலி?"

"இருக்குது. அப்பலர்ந்து அப்படியேதான் இருக்குது."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

அவள் விரலிலிருந்த டேப்பைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னா நீ நம்ப மாட்டமா. அது சொன்னாதான் நம்புற."

அப்போதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடிதத்தை நான் திரும்ப வாங்கிய நாளிலிருந்து தினமும் ப்ரேயரில் நின்றிருக்கிறாள். இரண்டு மாடி ஏறி இறங்கியிருக்கிறாள். வலி தாங்காமல் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்குவதையே விட்டுவிட்டு, வகுப்பிலேயே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். டிபன் பாக்ஸை மட்டும் காலி செய்து கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். பாவாடையைத் தூக்கிக் காலைப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்து முழங்கால் பக்கம் தோலே கறுத்துப்போயிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அம்மா சிரிக்க வேண்டும் என்பதற்காக இத்தனையும் செய்திருக்கிறாள். நான் கடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள்தான் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள்.

சேலை கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஒரு நாள் தள்ளி வரச் சொல்லிவிட்டு, மறுநாளே கணவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அதே மேசை, அதே மூன்று பேர். ஏமாற்றியதற்காக மகளைத் திட்டுவார்களோ என்று எனக்குப் பயம். யாரும் திட்டவில்லை. பிசியோ தம்பி அவளை நடக்க வைத்துப் பார்த்தான். முதல் முறை வந்தபோது முடிந்த அளவுகூட இப்போது முடியவில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். எனக்குக் கேட்டுவிட்டது. தங்கள்மேலும் தப்பு இருக்கிறது, அம்மாவையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காமல் தெர்மாமீட்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கக் கூடாது என்றார் கவுன்சிலர் மேடம். பிறகு மகளிடம் கேட்டுவிட்டு, கிளிப்பை என் விரலில் மாட்டினார்.

மீன் தொட்டியின் அடியிலேயே கிடந்தது. மூச்சை இழுத்தேன், விட்டேன். கணவர் பார்க்கிறார், டாக்டர் பார்க்கிறார், மகள் பார்க்கிறாள். ஏறு ஏறு என்று மனசுக்குள் அதட்டினேன். அது இன்னும் கீழே போய் மணலில் படுத்துக்கொண்டது. எனக்கு வேர்த்துவிட்டது, ஆனால் கை ஐஸாக இருந்தது. மகள் எழுந்து வந்து கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாக்காதம்மா. பாத்துக்கினே இருந்தா ஏறாது."

இத்தனை நாள் நான் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்குத் திரும்பியதும் ஈரத் துணியால் சுவரைத் துடைத்தேன். பழைய சுண்ணாம்புச் சுவர், சாக்பீஸ் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் ஒரு பக்கமாக வெயில் விழும்போது அந்த நம்பர்கள் மங்கலாகத் தெரியும்.

இப்போது மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அந்தக் கடிதம் மறுபடி இருக்கிறது. வலி குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம், ஆனால் அதோடு அவள் நன்றாக வாழ முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இப்போது நிஜமாகவே தன் விரலைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியும் அவளுக்கு; தெர்மாமீட்டர் எப்போதாவதுதான் வெளியே வருகிறது. அதில் என்ன நம்பர் என்று நான் பார்த்தே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டால் பிசியோ தம்பியிடம் போனில் சொல்கிறாள். மனசு சரியில்லை என்றால் கவுன்சிலர் மேடத்திடம் சொல்கிறாள். அப்பாவிடம்கூட எப்போதாவது சொல்கிறாள். என்னிடம் மட்டும் சொல்ல மாட்டாள். முகம் சுருங்கியிருக்கும், காலை நீட்டி வைத்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் போனால் "ஒண்ணுமில்லமா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். வேண்டாம், சொல்லு, நான் நம்புகிறேன் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். கெஞ்சினால் இன்னும் நன்றாகச் சிரிப்பாள். மேடம் சொன்னபடி, அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம். முகூர்த்தச் சேலை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போனவர்கள் எந்த நேரமும் வந்துவிடுவார்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கழற்றி வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னிக்கு கால் ரொம்ப வலிக்குதும்மா."

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன். எவ்வளவு வலி என்று கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. சேலையைப் பாதி மடிப்பில் அப்படியே விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சேலைக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். கொஞ்சம் இருங்கள் என்றேன். இந்தப் பதினேழு வருடத்தில் வாசலில் வந்து நின்ற யாரையும் நான் காக்க வைத்தது அதுதான் முதல் தடவை. எந்தத் தாயும் தன் பிள்ளை வாயிலிருந்து வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற சொல்லை நான் இரண்டு வருடம் காத்திருந்து கேட்டேன், இனி அதை என்னிடம் சொல்ல அவள் தயங்கவே கூடாது என்றுதான் இப்போதெல்லாம் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிடுகிறேன்.